பக்கத்து வீட்டுக்கும் பங்குள்ள ஐந்தடி

அப்பா மேற்கு மாம்பலத்தில் ஒரு லைசென்ஸ்டு சர்வேயரிடம் டிராஃப்ட்ஸ்மேனாக வேலை பார்த்தார். எழுபதுகளின் கடைசியில் சேர்ந்து ஏறக்குறைய இருபது வருடம். வேலை மிகுந்த நாட்களில் பிளானை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். கூடத்தில் பலகையைச் சாய்த்து வைத்து, டிரேசிங் தாளை நான்கு மூலையிலும் ஒட்டி, ரோட்ரிங் பேனாவால் கோடு இழுப்பார். கோடு தவறினால் பாதி பிளேடால் மையைச் சுரண்டுவார். சுரண்டிய இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகுதான் மறுபடி பேனா வைப்பார், இல்லாவிட்டால் மை ஊறிப் பரவிவிடும். மறுநாள் அது அம்மோனியா பிரிண்ட் ஆகி, மூக்கைத் துளைக்கும் நெடியோடு சுருளாகத் திரும்பி வரும்.

ஒரே வீட்டுக்கு இரண்டு சுருள் வருவதை நான் பத்து வயதில் கவனித்தேன். ஒன்று சேங்ஷன் பிளான். அதில் வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் இடைவெளி ஒழுங்காக இருக்கும். இன்னொன்று கட்டுகிற பிளான். அதில் ஒரு பக்கத்து இடைவெளி பாதியாகச் சுருங்கியிருக்கும், அல்லது மாடியில் ஓர் அறை முளைத்திருக்கும். ஏன் இரண்டு என்று கேட்டேன். "அது ஆபீசுக்கு, இது மேஸ்திரிக்கு" என்றார் அப்பா. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அந்த இடைவெளிக்கு செட்பேக் என்று பெயர். ஒரு கிரவுண்டு மனை என்றால் 2,400 சதுர அடி. கடன் வாங்கி, நகை விற்று வாங்கிய மனையில் பக்கத்துக்கு ஐந்தடியை வெறுமனே விடுவதற்கு யாருக்கும் மனசு வராதுதான். ஆனால் அந்த ஐந்தடி சும்மா கிடப்பதில்லை. இந்த வீட்டின் ஐந்தடியும் அடுத்த வீட்டின் ஐந்தடியும் சேர்ந்து பத்தடி ஆகும்போதுதான் இரண்டு சமையலறைக்கும் வெளிச்சம் வருகிறது, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது. அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயைக் குத்திவிட ஆள் போக முடிகிறது. மழைத்தண்ணீர் இறங்கக் கொஞ்சம் மண் மிஞ்சுகிறது. தீப்பிடித்தால் ஓர் ஏணியாவது உள்ளே வருகிறது. பட்டா ஒருவர் பெயரில், பலன் இரண்டு வீட்டுக்கும். அந்த ஐந்தடியை விடாமல் கட்ட அனுமதி தாருங்கள் என்று ஒருவர் அரசாங்கத்திடம் மனுப் போட்டால், அது அவருக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான விஷயம் மட்டும் அல்ல. ஆனால் சென்னை ஐம்பது வருடமாக அதை அந்த இருவருக்கு இடையிலான விஷயமாகவே நடத்தி வந்திருக்கிறது என்பதுதான் என் மனக்குறை.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1974-இல் சட்டப்படியான அமைப்பாயிற்று. அப்போது அதை எம்.எம்.டி.ஏ. என்றார்கள், ஊரின் பெயர் மாறிய பிறகு சி.எம்.டி.ஏ. ஆனது. 1975 முதல் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. நகரத்தின் வரைபடம் வண்ணம் வண்ணமாகப் பிரிந்தது: குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், வேளாண்மை என்று. எந்த இடத்தில் எதைக் கட்டலாம், எவ்வளவு உயரம், மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு, எத்தனை அடி செட்பேக் என்று எல்லாவற்றுக்கும் எண் வந்தது.

எண் வந்தால் அதற்கு அடங்காத மனைகளும் இருக்கத்தானே செய்யும். ஜார்ஜ் டவுனில் பன்னிரண்டடி அகலத்தில் தெருவிலிருந்து உள்ளே நீண்டுகொண்டே போகும் மனைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இரண்டு பக்கமும் ஐந்தைந்து அடி விட்டால் வீட்டுக்கு மிஞ்சுவது இரண்டடி. அந்த மாதிரிப் பழைய பகுதிகளைத் தொடர் கட்டடப் பகுதி என்று வகுத்து, சுவரோடு சுவர் ஒட்டிக் கட்ட விதியே இடம் கொடுத்தது. அது நியாயம். பாகப் பிரிவினையில் கோணலாக வெட்டுப்பட்ட மனை, நடுவில் கிணறு உள்ள மனை, சாலை விரிவாக்கத்துக்கு முன்பக்கத்தைக் கொடுத்துவிட்ட மனை என்று நியாயமான காரணத்தோடு தளர்வு கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை.

அவர்களுக்காகத் திறந்த கதவு சட்டத்தின் 113-ஆவது பிரிவு. எந்த நிலத்துக்கும், எந்தக் கட்டடத்துக்கும், சட்டத்தின் எந்த விதியிலிருந்தும் அரசு விலக்கு அளிக்கலாம் என்பது அதன் சாரம். சின்னப் பிரிவுதான், ஆனால் ஒரு பத்து மாடிக் கட்டடமே நுழைந்து போகிற அளவுக்கு அகலமான கதவு. மனு மேலே போகும், கோப்பு சுற்றும், கடைசியில் கோட்டையிலிருந்து ஓர் அரசாணை வரும். 1987 ஜூலை முதல் 1988 பிப்ரவரி வரையிலான எட்டு மாதத்தில் மட்டும் இப்படி வந்த 62 விலக்கு ஆணைகளை எதிர்த்து, சென்னையின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் உச்ச நீதிமன்றம் போனது.

அதே காலத்தில்தான் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே இருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடிக்கு பிளாட் எழுப்பினார்கள். அம்மாவின் சமையலறை சன்னல் அந்தப் பக்கம்தான். தூண்கள் மேலே ஏற ஏற அம்மாவுக்குப் பதற்றம். ஒருநாள் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, இவ்வளவு ஒட்டிக் கட்டுறீங்களே, இடம் விட வேண்டாமா?" என்று கேட்டாள். அவர் பணிவாகத்தான் பதில் சொன்னார்: "ஆர்டர் வாங்கித்தாம்மா கட்டுறோம். மேல இருந்தே வந்திருக்கு." என்ன ஆர்டர், யார் கொடுத்தது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அம்மாவுக்கு ஒரு வழியும் இல்லை. உண்மையிலேயே ஆர்டர் இருந்ததா என்பதுகூட எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அன்று சாயங்காலம் அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தார். காம்பவுண்டு சுவரிலிருந்து அந்தக் கட்டடத்துக்கு இரண்டரை அடி. டேப்பைச் சுருட்டிக்கொண்டு பேசாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த பிளானை வரைந்தது அவர் இல்லை. ஆனால் அதைப்போல எத்தனையோ வரைந்த கை அது.

அந்த வருடத்திலிருந்து எங்கள் சமையலறையில் பகல் பன்னிரண்டு மணிக்கும் டியூப்லைட் எரிகிறது.

உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு 2000 ஆகஸ்டில்தான் வந்தது. 113-ஆவது பிரிவு செல்லும், ஆனால் அந்த அதிகாரத்தை அரசு பயன்படுத்திய விதம் சரியில்லை, காரணம் எழுதாமல் மனதைச் செலுத்தாமல் கொடுத்த விலக்குகள் நிற்காது என்றது தீர்ப்பு. அதற்குள் ஊர் இன்னொரு கட்டத்துக்குப் போய்விட்டிருந்தது. 1998-இல் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 1999 பிப்ரவரி 28-க்குள் விதி மீறிக் கட்டிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தலாம் என்று அது சொன்னது. ஒரே ஒரு தடவைக்கான ஏற்பாடு என்ற அளவில் உச்ச நீதிமன்றம் அதையும் ஏற்றுக்கொண்டது.

என் பார்வையில் பெரிய திருப்பம் இங்கேதான். அதுவரை விலக்கு என்பது, ஒழுங்காகவோ ஒழுங்கீனமாகவோ, கேட்டு வாங்குகிற ஒன்று. ஒரு மனை, ஒரு மனு, ஒரு கோப்பு. 113-ஏ வந்த பிறகு முதலில் கட்டு, பிறகு கட்டணம் கட்டு என்று ஆயிற்று. சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கு. 'ஏன் மீறினாய்' என்ற கேள்வி போய், 'எவ்வளவு மீறினாய்' என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. கட்டட வேலையில் இருப்பவர்கள் பேச்சில் டீவியேஷன் என்ற சொல் ஓர் ஐட்டம் மாதிரியே ஆனது. சிமெண்டுக்கு இவ்வளவு, கம்பிக்கு இவ்வளவு, டீவியேஷனுக்கு இவ்வளவு.

ஒரு தடவை என்றது ஒரு தடவையோடு நிற்கவில்லை. 2000, 2001, 2002 என்று மூன்று முறை சட்டத்தைத் திருத்திக் கடைசித் தேதியைத் தள்ளிப்போட்டார்கள். 2006 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. 1999 பிப்ரவரி 28-க்குப் பிறகு கட்டியவற்றுக்கு மன்னிப்பு இல்லை என்று ஆனது. அடுத்த வருடமே அவசரச் சட்டம் வந்தது. பிறகு 113-சி வந்தது, கட்டடங்களுக்கான தேதி 2007 ஜூலை 1-க்கு நகர்ந்தது. அதற்கான வழிமுறைகள் 2017 ஜூனில் வெளியாயின. பத்து வருடம் முன்பு கட்டி முடித்து, விற்று, கைமாறி, இரண்டாவது முறை வெள்ளையடித்த கட்டடத்துக்கு அப்போதுதான் விண்ணப்பப் படிவம்.

இதெல்லாம் தாளில் நடந்த கதை. தரையில் என்ன நடந்தது என்று பார்க்கத் தியாகராய நகர் போதும். மாம்பலம் ஏரியைத் தூர்த்து, 1920-ஆம் வருட நகரமைப்புச் சட்டத்தின்படி, பூங்காவும் அகலத் தெருவுமாகக் குடும்பங்கள் குடியிருப்பதற்காகத் திட்டமிட்டு எழுப்பிய பகுதி அது. பனகல் பூங்காவிலிருந்து பிரிந்து போகும் சாலைகளின் அமைப்பில் இன்றும் அந்தத் திட்டம் தெரியும். ரயிலடியை ஒட்டிய ரங்கநாதன் தெருவில் முதலில் திண்ணை கடையானது, பிறகு வீடு கடையானது. வீட்டை இடித்துவிட்டு எழுந்த கடை மேலே மேலே போனது. மாடி ஏற ஏறத் தெரு அகலமாகுமா? அது இருந்த அகலத்திலேயே இருக்க, பக்கவாட்டு இடைவெளிகள் துணிமூட்டை வைக்கும் கிடங்காயின.

2008 செப்டம்பரில் அந்தத் தெருவின் பெரிய கடை ஒன்றில் தீப்பிடித்து இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். 2011 அக்டோபர் கடைசியில் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் விதிமீறல் கட்டடங்களை அதிகாரிகள் பூட்டி சீல் வைத்தார்கள். அந்தச் சமயத்தில் ஒரு மாலை நான் ரங்கநாதன் தெருவில் நடந்தேன். ஷட்டர் பூட்டில் துணி சுற்றி அரக்கு வைத்திருந்தது. வாசலில் சீருடையோடு விற்பனைப் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். தென் மாவட்டங்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பிள்ளைகள். பிளானில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? சம்பளம் வருமா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அடுத்த ஜனவரியில், பொங்கலுக்கு முன்னால், உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால அனுமதியில் கடைகள் திறந்தன. 2017 மே 31 விடியற்காலையில் உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடை பற்றியெரிந்தது. ஒரு நாளைக்கு மேல் புகைந்து, ஒரு பகுதி இடிந்து விழுந்து, கடைசியில் முழுக் கட்டடத்தையும் இடிக்க வேண்டியதாயிற்று. தீயணைப்பு வண்டிகள் நெருங்கப் பட்ட பாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்த எல்லோருக்கும் ஐந்தடியின் அருமை அன்று தெரிந்திருக்கும்.

இந்தக் கதையில் டிராஃபிக் ராமசாமியைச் சொல்லாமல் போகக் கூடாது. சட்டைப்பையில் காகிதங்களோடு, வயதையும் உடம்பையும் பொருட்படுத்தாமல் ஒவ்வொரு விதிமீறலுக்கும் நீதிமன்றப் படி ஏறியவர் அவர். 2021 மே மாதம் காலமானார். பக்கத்து வீட்டுக்காரரின் குரலுக்கு எந்த அலுவலகத்திலும் நாற்காலி இல்லாத ஊரில், அந்தக் குரலை நீதிமன்றத்துக்காவது கொண்டுபோனவர்களில் அவர் முன்னால் நிற்கிறார். ஆனால் ஒரு நகரம் தன் நியாயத்துக்கு இப்படித் தனிமனிதர்களின் பிடிவாதத்தை நம்பியிருப்பது நல்லதில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுமைக்கும் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. மனைப் பரப்பைப் போல இத்தனை மடங்கு தளப்பரப்பு என்ற எண், அதாவது எஃப்.எஸ்.ஐ., நெடுங்காலம் 1.5 ஆக இருந்து 2 ஆனது. ஒரு கிரவுண்டு மனையில் 3,600 சதுர அடி கட்டலாம் என்றிருந்தது 4,800 ஆயிற்று. அடுக்குமாடி என்ற வகைக்குள் வராத கட்டடங்களின் உயர வரம்பு 15.25 மீட்டரிலிருந்து 18.3 மீட்டராக உயர்ந்தது. சாலை அகலமாக இருந்தால், கூடுதல் தளப்பரப்பைக் கட்டணம் கட்டி விதிப்படியே வாங்கலாம். அதற்கு பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. என்று பெயர். அன்று மனுப் போட்டுக் காத்திருந்து, ஆளைப் பிடித்து, பலரையும் கவனித்து வாங்கியதில் பெரும்பகுதி இன்று விலைப்பட்டியலோடு விதிக்குள்ளேயே இருக்கிறது. பணம் அரசாங்கக் கணக்குக்குப் போகிறது, ரசீது வருகிறது. இது முன்னேற்றம்தான். கேட்டால் கிடைக்கும் என்பதைவிட, யாருக்கும் இதுதான் என்பது நேர்மையானது.

விண்ணப்பிக்கும் முறையும் அடியோடு மாறிவிட்டது. டிரேசிங் தாள் இல்லை, பிளேடு இல்லை, அம்மோனியா நெடி இல்லை. கணினியில் வரைந்த பிளானை இணையத்தில் ஏற்றினால், செட்பேக் குறைந்த இடத்தை மென்பொருளே அளந்து காட்டித் திருப்பி அனுப்பிவிடும். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் ஒற்றை மாடி வீடுகளுக்குச் சுயசான்று போதும். விதிப்படிதான் கட்டுகிறேன் என்று உரிமையாளரே உறுதி சொல்லிக் கட்டணம் செலுத்தினால் அனுமதி உடனே கைக்கு வருகிறது. பெரிய கட்டடங்களுக்கு நிறைவுச் சான்று இல்லாமல் மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் இல்லை என்ற விதி, இரண்டாவது சுருளின் மூச்சைக் கொஞ்சம் இறுக்கியிருக்கிறது.

கொஞ்சம்தான். கணினி அளப்பது படத்தை. படத்தைப் பார்த்துக் கட்டுவது மேஸ்திரி. வண்டி நிறுத்துவதற்கென்று விட்ட ஸ்டில்ட் தளத்தில் ஒருநாள் ஹாலோ பிளாக் சுவர் எழும்புகிறது, அடுத்த மாதம் அங்கே ஒரு கிளினிக் போர்டு தொங்குகிறது. மாம்பலம் பக்கம் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நடந்து பாருங்கள், இப்படி ஒன்றாவது கண்ணில் படும். மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது நாம் கற்றிருக்க வேண்டிய பாடமும் இதுதான். தாளில் கையெழுத்து விழுவதோடு யாருடைய பொறுப்பும் முடிவதில்லை.

மனையின் வகையையே மாற்றக் கேட்கும் மனுக்கள் தனிக் கதை. வேளாண்மை என்றிருப்பதைக் குடியிருப்பாக்கு, குடியிருப்பை வணிகமாக்கு என்று கேட்பவை. இவற்றில் மட்டும் ஆட்சேபணை உண்டா என்று ஊரைக் கேட்கும் வழக்கம் இருக்கிறது. நாளிதழில் பொடி எழுத்தில், கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணுமாக ஓர் அறிவிப்பு. தன் வீட்டு சர்வே எண்ணையே பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடிகிறவர், அடுத்த நிலத்தின் எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பார்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி ஒவ்வொரு துண்டாக நிலம் கைமாறி, வகை மாறிக் கட்டடமானதன் பலனை 2015 டிசம்பரில் தென்சென்னை முழுக்க இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அனுபவித்தோம். எஞ்சிய சதுப்புக்கு 2022-இல் ராம்சார் ஈரநிலம் என்ற சர்வதேசத் தகுதி கிடைத்தது ஆறுதல். அதே வருடம் சென்னைப் பெருநகரின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரிந்தது. இனி அந்த விரிந்த எல்லை முழுவதிலிருந்தும் மனுக்கள் வரும்.

மனுக்களை வேறு விதமாகவும் விசாரிக்கலாம் என்பதற்கு நியூயார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே 1916-இல் மண்டல விதிகள் வந்தபோதே விலக்கு மனுக்களை விசாரிக்கத் தனி வாரியமும் வந்தது. அங்கே விலக்கு கேட்பவர், விதிப்படி கட்ட முடியாத கஷ்டம் தன் மனையின் அமைப்பிலேயே இருக்கிறது, தானாக வரவழைத்துக்கொண்டது இல்லை என்று காட்ட வேண்டும். விலக்கு கொடுத்தால் அக்கம்பக்கத்தின் தன்மை கெடாது என்றும் காட்ட வேண்டும். சுற்றியுள்ளவர்களுக்குத் தகவல் போகும். பகிரங்க விசாரணையில் அவர்கள் வந்து பேசலாம். அங்கும் பணம் பேசாமல் இல்லை. ஆனாலும் அம்மா மேஸ்திரியிடம் கேட்ட கேள்வியைக் கேட்பதற்கு அங்கே ஒரு நாளும் ஒரு கூடமும் குறித்து வைத்திருக்கிறார்கள். அதிகப் பணமோ பெரிய தொழில்நுட்பமோ வேண்டாத விஷயம் இது. சுற்றியுள்ள நான்கு வீட்டுக்கு ஒரு தபால். இணையத்தில் மனை எண்ணைத் தட்டினால், கொடுத்த தளர்வும் அதற்கான காரணமும் இரண்டு வரித் தமிழில். மென்பொருளுக்கு செட்பேக்கை அளக்கக் கற்றுக்கொடுத்த நம்மால் இது முடியாதா?

போன மாதம் எங்கள் வீட்டையும் இடித்துக் கட்டுவதென்று முடிவாயிற்று. அரைக் கிரவுண்டுதான். என்ஜினியர் தம்பி மடிக்கணினியோடு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். சுயசான்றிலேயே முடிந்துவிடும் என்றார். சமையலறைக்குள் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. திரையில் வீட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே, "மேற்கால கொஞ்சம் தள்ளிக்கலாம் சார், ஒரு அடி ஒன்றரை அடி. இந்த அளவு வீட்டையெல்லாம் வந்து பார்க்க மாட்டாங்க" என்றார். கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

மேற்கு வீட்டில் இருப்பவர் அம்மாவின் வயதையொத்த ஒரு மாமி. இடிக்கப் போகிறோம் என்று கேள்விப்பட்டு அன்று சாயங்காலமே வந்துவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "எங்க துளசி மாடத்துக்கு உங்க பக்கமாத்தான் வெயில் வரது. அதான் கேட்டுண்டு போலாம்னு" என்று வாசலிலேயே நின்றார்.

நான் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி, மேற்குச் சுவர் எங்கே வருகிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். மாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இதுல எது எங்காம்?" என்று கேட்டார். அந்த வரைபடத்தில் அவர் வீடு இல்லை. காம்பவுண்டுக் கோட்டுக்கு அப்பால் வெறும் வெள்ளை. என்ஜினியரிடம் ஒரு தாளும் பென்சிலும் வாங்கி அவர் வீட்டையும் துளசி மாடத்தையும் கோடு போட்டு வரைந்தேன். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு, மாமி ஒரு முனையைப் பிடிக்க, இருட்டுவதற்குள் அளந்துவிடலாம் என்று வெளியே போனோம்.